மறு: ரெண்டாவது கேள்வியிலயே சாட்பாட் மறந்துருது

உங்க பஸ் டைம் சாட்பாட்டுக்குள்ள பதில் எழுதுற AI மாடலுக்கு பழைய பேச்ச நீங்க சேத்து அனுப்பல, பெரும்பாலும் அதான். "வடசேரில இருந்து குளச்சலுக்கு பஸ் எப்பம்?"னு கேட்டா சரியா சொல்லுது, அடுத்து "அங்கருந்து கடைசி வண்டி?"ன்னா "எங்கிருந்து?"ன்னு கேக்குதுன்னு எழுதியிருக்கீங்க. மாடலுக்கு தானா ஞாபகம் கிடையாது, ஆளு கேட்டது அது சொன்னது ரெண்டையும் வரிசையா ஒவ்வொரு தடவையும் திரும்ப அனுப்பினாத்தான் "அங்க"ன்னா குளச்சல்னு பிடிபடும்.

ரெண்டாவது கேள்விக்கு அனுப்புற முழு மெசேஜையும் லாக்ல (புரோகிராம் அனுப்புனது பதிவாகுற இடம்) பாருங்க. ஒரே வரி இருந்தா நான் சொன்னதுதான்.

மொத கேள்வி, அதுக்கு பதில், ரெண்டாவது கேள்வின்னு மூணு வரியும் இருந்தும் முழிச்சா, பஸ் டைம் தேடுற இடத்துக்கு "அங்கருந்து கடைசி வண்டி"ன்னே போகுதான்னு பாருங்க. நிறைய பேர் விடுற இடம் இதுதான், மாடலுக்கு புரிஞ்சாலும் தேடலுக்கு புரியாது, அதனால தேடுறதுக்கு முன்னாடி "குளச்சல்ல இருந்து வடசேரிக்கு கடைசி பஸ்"னு மாடலயே முழுசா மாத்தி எழுத வைங்க.

ஒண்ணு கவனம், பழசு ஒட்டிக்கிட்டும் நிக்கும். அதே ஆளு அடுத்து தக்கலைக்கு கேட்டா குளச்சல் நேரத்த சொல்லிரும், ராத்திரி ஸ்டாண்டுல நிக்கிறவங்களுக்கு அது பெரிய கஷ்டம். ஊரு மாறுனா "தக்கலைக்குத்தானே?"ன்னு ஒரு தடவ கேக்க வைங்க. டெஸ்ட் பண்றப்ப நம்ம ஆளுங்க பேசுற மாதிரியே "பஸ் உண்டா"ன்னு டைப் பண்ணுங்க, புத்தகத் தமிழ் மட்டும் போட்டு பாத்தா பாதி தப்பு வெளியவே வராது.