பதில்: நாலு பேர் போனால் நாலு புளூஃபின் பிடிக்கலாமா?

வணக்கம். நியூ ஜெர்சியில் சொந்தப் படகு, நாலு நண்பர்கள், ஆளுக்கொரு புளூஃபின் சூரை என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. புளூஃபின் வரம்பு தலைக்கு இல்லை, படகுக்கு, அதுவும் ஒரு நாளைக்கு. நாலு பேர் போனாலும் நாற்பது பேர் போனாலும் அதேதான். தலைக்கு மூன்று என்று உங்கள் நண்பர் சொன்னது யெல்லோஃபின் சூரைக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு!

போன மாத வரம்பு இந்த மாதம் ஏன் மாறியது என்றும் கேட்டிருந்தீர்கள். அட்லாண்டிக் புளூஃபினில் அமெரிக்காவின் பங்கை ஐக்காட் என்ற பன்னாட்டு ஆணையம் முடிவு செய்கிறது. அதில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு ஒரு பகுதிதான். அது வேகமாகக் கரைந்தால் நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பின் மீன்வளத் துறை பருவத்தின் நடுவிலேயே வரம்பைக் குறைக்கும், சில சமயம் மூடியே விடும். வாடகைப் படகுக்கு வேறு எண்ணிக்கை இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிளம்பும் அன்று காலை, அன்றைய வரம்பு என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மீனின் நீளம். வரம்பு அளவு வகுப்பைப் பொறுத்தது என்பதால் இதுவும் முக்கியம். டேப்பை நேராகப் பிடிக்கக் கூடாது. மேல்தாடை நுனியிலிருந்து உடல் வளைவோடு ஒட்டி, வால் கவட்டை வரை. நான் ஒருமுறை நேராக அளந்து 46½ அங்குலம் என்று நினைத்த மீன், வளைவோடு அளந்தபோது 47-ஐத் தாண்டி அடுத்த அளவு வகுப்புக்குப் போய்விட்டது. கரை சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பிடித்த புளூஃபினை நோவாவிடம் பதிவு செய்யவும் மறக்காதீர்கள். செத்த மீனைக் கடலில் போட்டிருந்தால் அதையும்.