கேள்வி – பதில்: டால்டன் சாலையில் டீக்கடை போடலாமா?

கேள்வி: அலாஸ்காவில் டால்டன் நெடுஞ்சாலை 666 கிலோமீட்டர் நீளமாம். டீசல் போட மொத்தமே மூன்று இடம்தானாம். சாலையோரம் முழுக்க அரசாங்க நிலம் சும்மா கிடக்கிறதே, குத்தகைக்கு விட்டால் என்ன? லாரித் தொழிலில் இருப்பதால் மனசு கேட்கவில்லை. (நாமக்கல் வாசகர்)

பதில்: நாமக்கல்காரர் கேட்காமல் இதை வேறு யார் கேட்பார்கள்!

விடலாம். ஆனால் கேட்ட இடத்தில் எல்லாம் விடக் கூடாது என்பது என் கட்சி. நெடுஞ்சாலைத் துறையில் குப்பை கொட்டியவன் நான். சாலையோர நிலத்தைக் குத்தகைக்கு விடுவது ஒரு நாள் வேலை. காலம் முடிந்த பிறகு அதைக் காலி செய்து வாங்குவதற்குள் மூன்று அதிகாரிகள் ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

டால்டன் சாலை ஊர்களை இணைக்கப் போட்டதல்ல. வடகோடியில் புரூடோ விரிகுடாவில் கிடைத்த எண்ணெயைத் தெற்கே கொண்டுவரக் குழாய் பதிக்க வேண்டியிருந்தது. அதற்குத் தளவாடம் ஏற்றிப்போக 1974-இல் ஐந்தே மாதத்தில் போட்ட சரளைச் சாலை இது. வெகுகாலம் லாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. கடைசி வரை பொதுமக்கள் போகலாம் என்று திறந்துவிட்டது 1994-இல். வேட்டையை நம்பி வாழும் பூர்வகுடி மக்கள் பலர் அப்போதே எதிர்த்தார்கள். சாலை வந்தால் வெளியாள் வருவான், கலைமான் போய்விடும் என்பது அவர்கள் கவலை. அதில் நியாயம் உண்டு.

நடுப்பகுதியில் பெரும்பாலான நிலத்தை ஒன்றிய அரசின் நில மேலாண்மைத் துறைதான் நெடுங்காலமாகப் பார்த்துவந்தது. வடக்கே சமவெளி மாநில அரசுடையது. சாலையின் இருபுறமும் 5 மைல் வரை உள்ள தன் நிலத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று மாநிலம் சட்டமே போட்டது. கோல்ட்ஃபுட், ஹேப்பி வேலி, டெட்ஹார்ஸ் மாதிரி குறிப்பிட்ட சில இடங்களுக்கு மட்டும் விலக்கு. அங்கேயும் வீடு கட்டிக் குடியிருக்க அல்ல, தொழிலுக்குத்தான். எண்ணெய், கனிம வேலைகளுக்குத் தனி விலக்கு.

அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்ததில் புத்தி இருக்கிறது. ஹேப்பி வேலி, குழாய் பதித்த ஆட்கள் முகாம் போட்டிருந்த இடம். அங்கே தரையில் ஏற்கெனவே சரளை கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் புதிதாகத் தோண்டினால் என்ன ஆகும்? கீழே இருப்பது வருஷம் முழுக்க உறைந்த மண். மேலே இருக்கும் பாசியையும் புல்லையும் வழித்துவிட்டால் வெயில் இறங்கும், உள்ளே பனிக்கட்டி உருகும், தரை குழியாக அமுங்கும். கட்டடமும் கூடவே சாயும். கழிவுநீர்த் தொட்டி புதைப்பதும் நம்மூர் மாதிரி நடக்காது. பல இடங்களில் கழிவை வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். எனவே பழைய முகாம் மேடுகளில் இன்னும் நான்கைந்து பேருக்குக் கொடுங்கள் என்பேன். வாடகையைக் குறைத்துக்கூடக் கொடுக்கலாம். ஆனால் டீசல் சிந்தினால் மண்ணைச் சுத்தம் செய்யவும், கடைசியில் கொட்டகையைப் பிரித்து எடுத்துப்போகவும் ஆகும் செலவை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தர வேண்டும். வியாபாரம் நொடித்துப்போனவனைத் தேடி ஆர்க்டிக்கில் யார் அலைவது?

லாரிக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், சந்தோஷப்படுவீர்கள். கோல்ட்ஃபுட்டில் இன்று சாப்பாடு, படுக்கை, டீசல் எல்லாம் கிடைக்கும். அதைத் தொடங்கியவர் டிக் மேக்கி. 1978-இல் இடிடரோட் நாய்வண்டிப் பந்தயத்தை ஒரே ஒரு வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தவர். 1981-இல் ஒரு பழைய பள்ளிப் பேருந்தை நிறுத்தி அதிலிருந்து லாரி டிரைவர்களுக்கு ஹாம்பர்கர் விற்றார். அப்புறம் கடைக்குக் கட்டடம் எழுப்பக் கைகொடுத்ததும் அந்த டிரைவர்களேதான்.

கேள்வி: கடை வைக்கத் தடை, சரி. துப்பாக்கியால் வேட்டையாடவும் தடை என்கிறார்களே, உண்மையா? (கூடலூர் வாசகர்)

பதில்: உண்மை. யூகான் ஆற்றுக்கு வடக்கே சாலையிலிருந்து இருபக்கமும் 5 மைலுக்குள் வேட்டைக்குத் துப்பாக்கி எடுக்கக் கூடாது. வில் அம்புக்கு, உரிமம் இருந்தால், அனுமதி உண்டு. சாலையை ஒட்டியே எண்ணெய்க் குழாய் ஓடுகிறது, பாதி தூரத்துக்கு மேல் தரைக்கு மேலே. குண்டு தவறினால் எதில் படும் என்று யோசித்தாலே போதும்.

கேள்வி: மகளைப் பார்க்க ஃபேர்பேங்க்ஸ் போகிறேன். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் போய்வரலாமா? (மடிப்பாக்கம் வாசகி)

பதில்: முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள் அம்மா. பெரும்பாலான நிறுவனங்கள் சரளைச் சாலைக்குக் காரைத் தருவதில்லை. தரும் ஒன்றிரண்டு பேர் கூடுதலாக வாங்குவார்கள். மாற்று டயர் இரண்டு வேண்டும். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல் கண்ணாடியில்தான் வந்து விழும். கோல்ட்ஃபுட்டில் டேங்கை நிரப்பாமல் கிளம்பக் கூடாது; அடுத்தது 240 மைல் தள்ளி டெட்ஹார்ஸ்தான். அங்கே போயும் ஆர்க்டிக் கடலோரம் வரை சொந்தமாக ஓட்டிப்போக முடியாது, நடுவில் எண்ணெய் வயல். முன்கூட்டியே பெயர் கொடுத்து, அனுமதி பெற்ற வண்டியில்தான் போக வேண்டும்.