குன்னூர் ஈரத்தில் காகிதக்கூழ் எலும்புக்கூடு பொம்மைகள் பூஞ்சை பிடிக்காமல் செய்வது எப்படி?

யாரிடமும் படிக்காமல் தானாகவே செய்து பழகுகிறீர்கள். பொம்மையில் கரும்புள்ளி விழுகிறது, வெள்ளை பெயின்ட்டில் பழுப்புக் கறை ஊறுகிறது, வார்னிஷ் பால்போல் வெளுக்கிறது என்கிறீர்கள். கைத்திறனில் குறையில்லை. மூன்றுக்கும் காரணம் ஈரம்தான். விளாச்சேரி, பண்ருட்டிப் பக்கம் பொம்மை செய்பவர்களுக்கு வெயில் பாதி வேலையைச் செய்துகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை குன்னூரில் அந்த முறை அப்படியே செல்லாது.

முதலில் கூழ். செய்தித்தாளைக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்து, சமையலுக்கு எடுக்காத பழைய மிக்ஸியில் நிறையத் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். பிழிந்த கூழ் 2 டம்ளர் என்றால் சாக் பவுடர் 1 டம்ளர், ஃபெவிகால் அரை டம்ளர், கிராம்புத் தைலம் 5 சொட்டு. மைதா பசை 2 மேசைக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. சாக் பவுடர் குறைந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும், கூடினால் விரல் நுனிகள் உதிரும். பைண்டிங் கடைப் பழக்கத்தில் சிலர் பூஞ்சைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்வார்கள். அது விஷம், கூழையும் நீலப்பச்சையாக்கும். மண்டையோட்டுக்கு அந்த நிறம் எதற்கு?

தலையைக் கூழாலேயே உருட்டாதீர்கள். உலர்ந்த தாளைக் கசக்கி நூலால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் 4 மி.மீ. கனத்துக்குக் கூழை அப்புங்கள். முழுக்கக் காய்ந்தபிறகே அடுத்த பூச்சு. கனமாக அப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பெயின்ட் அதை அடைத்துவிடும், பத்து நாளில் கரும்புள்ளி. தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மலையில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

வெயில் இல்லாத வாரங்களில் மேலே துளையிட்ட மரப்பெட்டியில் பழைய குண்டு பல்பு, 60 வாட், பொம்மையிலிருந்து ஒரு அடி தள்ளி. எல்.இ.டி.யில் போதுமான சூடு வராது. ஆள் இல்லாதபோது எரிய விடாதீர்கள். கணப்பருகே வைத்தால் சீக்கிரம் காயும், அதே வேகத்தில் விரிசலும் விடும்.

பழுப்புக் கறைக்குக் காரணம் உள்ளே வைத்த கட்டுக்கம்பி. ஈரக் கூழில் துருப்பிடித்து வெள்ளையைத் தாண்டி வெளியே வரும். சின்ன உருவத்துக்கு அலுமினியக் கம்பி போதும். பெரிதாகச் செய்தால் உண்ணிச்செடிக் குச்சி. கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் முழு அளவு யானைகளையே அந்தக் குச்சியில்தான் செய்கிறார்கள். வேகவைத்து வளைப்பது அவர்கள் முறை. பென்சில் கனத்தில் பச்சைக் குச்சியைப் பட்டை உரித்து, வளையும் பதம் வரும்வரை கொதிக்கவிட்டு, பலகையில் ஆணி அடித்து அதில் வளைத்துக் கட்டிக் காயவிட்டால் விலா எலும்பு தயார்.

பேய்க்களையும் சிரிப்பும் சேர்ந்து வருவது அளவில்தான். 18 செ.மீ. உருவத்துக்கு 6 செ.மீ. தலை, கண்குழி தலையின் பாதிக்குக் கீழே இருக்கட்டும், குழந்தை முகம் வந்துவிடும். பற்கள் ஐந்தாறு போதும், அதில் ஒன்று விழுந்திருந்தால் இன்னும் நல்லது. தலையில் கம்பளிக் குல்லாவும் கையில் கடித்த வர்க்கியும் கொடுத்துவிட்டால் ரத்தம் தேவையே இல்லை. ரத்தம் பூசுவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து.

தூய வெள்ளை அடிக்காதீர்கள். வெள்ளையில் துளி மஞ்சள்காவி, அதிலும் குறைவாகப் பழுப்பு. கஃபனுக்கு, அதாவது பிணத்தைச் சுற்றும் துணிக்கு, மல் துணியைத் தேயிலைத்தூள் டிகாஷனில் அரை மணி ஊறவையுங்கள். வார்னிஷ் வெளுப்பது பனிமூட்டத்தில் ஸ்ப்ரே அடிப்பதால். தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷை உச்சிப்பொழுதில் தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். பைன் காயைச் சிறகாக ஒட்டுபவர்கள் கவனிக்க: ஈரத்தில் அது மூடிக்கொள்ளும், பெயின்ட் பெயர்ந்துவிடும். சூட்டில் நன்றாக விரியவைத்து, வார்னிஷ் அடித்து ஒட்டுங்கள்.

நிஜ எலும்பு வேண்டுமென்றால் கோழி எலும்போடு நிறுத்துங்கள். காட்டில் கிடந்ததே என்று கடமான் கொம்போ காட்டுமாட்டு மண்டையோ எடுத்து வந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள், வைத்திருந்தாலே குற்றம். கோழி எலும்பைக் குக்கரில் வைத்தால் பொடியும், பிளீச்சிங் பவுடர் அரித்துவிடும். மெல்லிய தீயில் வேகவைத்துச் சதை நீக்கி, பாத்திரம் கழுவும் சோப்புநீரில் எண்ணெய் விடும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மருந்துக்கடை 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் போடுங்கள். ஜாடியை இறுக மூடாதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.