சி-யில் வைட் கேரக்டர்: தமிழ் திரைக்கு வராதபோது – கேள்வி பதில்

ராயபுரம் மாணவர்: அண்ணா, லினக்ஸ்ல டபிள்யூபிரிண்ட்எஃப்-ல (ஒரு பைட்டுக்கு மேல இடம் எடுக்கிற வைட் கேரக்டரை அச்சிடுற ஃபங்ஷன்) "வண்ணாரப்பேட்டை"ன்னு கொடுத்தா வரிசையா கேள்விக்குறிதான் வருது. டெர்மினல்ல தமிழ் ஃபான்ட் இருக்கு.

பதில்: ஃபான்ட் மேல தப்பு இல்ல தம்பி. சி புரோகிராம் எப்பவும் "சி" லொகேல்லதான் (மொழி, எழுத்து அமைப்பு) கிளம்பும். அதுல தமிழ் எழுத்தே கிடையாது. மெயின்ல முதல் வேலையா செட்லொகேல் கூப்பிடு: முதல் ஆர்க்யுமென்ட் எல்சி_ஆல், ரெண்டாவது காலி ஸ்ட்ரிங். வெற்று மதிப்பான நல் திரும்பினா அந்த லொகேல் மெஷின்ல இல்ல. "லொகேல் -ஏ" அடிச்சு எது இருக்குன்னு பாரு. ஒரு வரி அச்சான பிறகு கூப்பிட்டுப் பிரயோஜனமில்ல. லினக்ஸோட சி லைப்ரரியான ஜிலிப்சி-ல, திரைக்குப் போற எஸ்டிடிஅவுட் வைடா மாறும்போதே என்கோடிங் முடிவாகிடும்.

தண்டையார்பேட்டை வாசகர்: அதைப் போட்டாச்சு சார். தமிழ் வருது, நடுவுல இருக்கிற பிரிண்ட்எஃப் வரி மட்டும் காணோம். எர்ரரும் இல்லை.

பதில்: எர்ரர் வந்திருக்கு, நீங்க வாங்கிப் பார்க்கலை. பிரிண்ட்எஃப் -1 திருப்பியிருக்கும். ஒரு ஸ்ட்ரீம்ல (எஸ்டிடிஅவுட் மாதிரி எழுதுற வழி) முதல்ல எழுதுற ஃபங்ஷன்தான் அது பைட்டா வைடான்னு தீர்மானிக்கும். அப்புறம் மாத்த எஃப்ரீஓப்பன் தவிர வழியில்லை. சந்தேகம்னா எஃப்வைட்-க்கு எஸ்டிடிஅவுட்டும் 0-வும் கொடுங்க: பாசிட்டிவ் வந்தா வைட், நெகட்டிவ் வந்தா பைட், 0 வந்தா இன்னும் முடிவாகலை. சோதிச்ச விடையை பிழைச் செய்திக்கான எஸ்டிடிஎர்ர்-ல அச்சிடுங்க, அது தனி ஸ்ட்ரீம். கலக்காம எழுத சுலபமான வழி: எல்லா இடத்திலும் பிரிண்ட்எஃப், வைட் ஸ்ட்ரிங்குக்கு மட்டும் %எல்எஸ். இதுக்கும் செட்லொகேல் வேணும்.

திருவொற்றியூர் மாணவி: விண்டோஸ்ல டபிள்யூபிரிண்ட்எஃப்-க்குள்ள வைட் ஸ்ட்ரிங்குக்கு %எஸ் போட்டேன், சரியா வந்துச்சு. லினக்ஸ்ல ஆங்கிலப் பேர்ல முதல் எழுத்து மட்டும் வருதே?

பதில்: ஸ்டாண்டர்ட் சி-ல %எஸ்-னா சார் பாயிண்டர், அதாவது சாதாரண பைட் ஸ்ட்ரிங். வைட் எழுத்து ஒவ்வொண்ணும் லினக்ஸ்ல 4 பைட். ஆங்கில எழுத்தோட ரெண்டாவது பைட்டே பூஜ்யம், அங்கேயே ஸ்ட்ரிங் முடிஞ்சுதுன்னு நிறுத்திடும். விண்டோஸோட விஷுவல் சி-ல மட்டும் டபிள்யூபிரிண்ட்எஃப்-க்குள்ள அர்த்தம் தலைகீழ். %எல்எஸ் ரெண்டு பக்கமும் ஓடும். கம்பைலர் எச்சரிக்கும்னு நம்பாதம்மா, வைட் ஃபார்மட்டை ஜிசிசி கம்பைலர் சோதிக்கிறதில்ல.

எண்ணூர் வாசகர்: பெயர்ப் பட்டியல்ல %-20எல்எஸ் போட்டும் நெடுவரிசை கோணலா நிக்குது.

பதில்: "வண்ணாரப்பேட்டை" கண்ணுக்கு 8 எழுத்து. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி யூனிகோட் குறி என்பதால், வைட் ஸ்ட்ரிங் நீளத்தை எண்ணுற டபிள்யூசிஎஸ்லென் 14 சொல்லும். யூடிஎஃப்-8 சார் ஸ்ட்ரிங்கா வெச்சா பைட்டை எண்ணுற ஸ்டர்லென் 42. டபிள்யூபிரிண்ட்எஃப் அந்த 14-ஐ வெச்சு 6 இடம் விடும். பிரிண்ட்எஃப் 42 பைட்டை எண்ணி ஒரு இடமும் விடாது. டபிள்யூசிஎஸ்விட்த்-ல அகலம் கேட்டு மிச்ச ஸ்பேஸை நீங்களே போடுங்க. தமிழுக்கு அதுவும் டெர்மினலோட முழுசா ஒத்துப்போகாது. பட்டியலை டெர்மினல்லயே நேரா நிறுத்தணும்னு அவசியமில்லைன்னா டேப் வெச்சுப் பிரிச்சு ஸ்ப்ரெட்ஷீட்ல திறங்க.