ஹாக்னாவ் கேள்வி பதில்: ஏரி உறைந்த கதையும் யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீரும்

தெற்கு ஜெர்மனியில் போடன்சே (கான்ஸ்டன்ஸ் ஏரி) வடகரையில் இருக்கும் ஹாக்னாவ் என்ற சிற்றூரைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சுமார் 1,400 பேர் வாழும் ஊருக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஊரின் வரலாறும் நிலவியலும் மட்டும்தான் எனக்குத் தெரியும். விசா, ஓட்டல் வாடகை எல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

தென்றல்: சரியாக எங்கே இருக்கிறது? எப்படிப்பட்ட இடம்?

மீர்ஸ்பர்க்குக்கும் இம்மென்ஸ்டாட்டுக்கும் நடுவில். மீர்ஸ்பர்க்கிலிருந்து கரையோரமாகக் கிழக்கே ஒரு மணி நேரம் நடந்தால் ஊர் வந்துவிடும். தெற்கே ஏரி, அதற்கு அப்பால் சுவிட்சர்லாந்து. வடக்கே, பனியுகத்தில் ரைன் பனியாறு இழைத்துவிட்டுப் போன மேடுகள். தெற்குப் பார்த்த சரிவுகளெல்லாம் திராட்சைத் தோட்டம். ஏரியின் பரப்பு 536 சதுர கிலோமீட்டர், நீளம் 63 கிலோமீட்டர். இவ்வளவு தண்ணீரும் கோடையில் வாங்கிய சூட்டை மெதுவாகத்தான் விடும். அதனால் கரையோரத்தில் உறைபனி தள்ளிப்போகும், திராட்சைக்குப் பழுக்க நேரம் கிடைக்கும். நவம்பர் பிறந்தால் அதே ஏரி மூடுபனியாகத் திருப்பிக் கொடுக்கும். எதிர்க்கரை நாள் கணக்கில் கண்ணில் படாது.

ஆல்ப்ஸிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான ஃபோன் காற்று வீசும் நாளில் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அந்த அழகை நம்பிப் படகை எடுக்காதீர்கள். கீழே இன்னும் சொல்கிறேன்.

வண்டிக்காரன்: ரயிலில் போகலாமா?

ஹாக்னாவுக்கு ரயில் நிலையம் கிடையாது. 1901-இல் போட்ட பாதை இந்தக் கரையை விட்டு விலகி, மார்க்டார்ஃப் வழியாக உள்நாட்டுக்குள் போய்விட்டது. பஸ் இருக்கிறது, கோடையில் கப்பலும் உண்டு.

மலைநாட்டான்: ஒரு பாதிரியார் அங்கே மதுக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஹைன்ரிஷ் ஹான்ஸ்யாகோப் என்று பெயர். 1869-இல் இங்கே பங்குத்தந்தையாக வந்தார். அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் மோதல் முற்றியிருந்த காலம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராத மனிதர். அரசை விமர்சித்ததற்காக இரண்டு முறை சிறைக்குப் போனார். அன்று இந்தப் பகுதி அடங்கியிருந்த பாடன் மாநிலத்தின் சட்டமன்றத்திலும் உட்கார்ந்தார். பின்னாளில் மக்கள் விரும்பிப் படித்த எழுத்தாளர்.

அவர் வந்தபோது ஊர் நிலைமை மோசம். அதற்கு வெகுமுன்பு, நூற்றாண்டுக் கணக்கில் வைன்கார்ட்டன், சாலெம் போன்ற மடங்களுக்கு இங்கே பண்ணை வீடுகள் இருந்தன. திராட்சையைப் பிழிவது, தேக்குவது, விற்பது எல்லாம் அவர்கள் கையில். 1803-ஐ ஒட்டி மடங்களின் சொத்து பறிபோனது, 1806-இல் ஊர் பாடனுக்குப் போனது. மிஞ்சிய சிறு விவசாயியிடம் நிலாவறையும் இல்லை, கைக்காசும் இல்லை. அறுவடை நாளில் பிழிந்த சாற்றை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். வைத்திருந்து விற்க வழியில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் கடன் வேறு. ஹான்ஸ்யாகோப் 1881 அக்டோபரில் எல்லோரையும் சேர்த்து, சாற்றைப் பொதுவில் ஊற்றி, பொதுவில் விற்க வைத்தார். பாடனின் முதல் திராட்சை விவசாயிகள் சங்கம் அதுதான். இன்றும் நடக்கிறது.

மடத்தின் இடத்தில் சங்கம் வந்தது, அவ்வளவுதான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மடத்து நிலாவறைச் சாவி மடத்திடம்தான் இருந்தது.

மழைத்துளி: அங்கே விளையும் முல்லர்-துர்காவ் திராட்சை ரீஸ்லிங்கும் சில்வானரும் சேர்ந்த கலப்பினமா?

இல்லை. 1882-இல் உருவாக்கிய ஹெர்மன் முல்லர் அப்படித்தான் நினைத்தார், பாடப்புத்தகங்களும் நூறு ஆண்டு அதையே எழுதின. மரபணுச் சோதனை வந்தபிறகு, ரீஸ்லிங்கோடு சேர்ந்தது சில்வானர் அல்ல, மாடலேன் ரோயால் என்ற வேறொரு திராட்சை என்று தெரிந்துவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்துக் கேட்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். இது மூன்றாவது முறை.

சுவையான விஷயம் வேறு. 1925-இல் இம்மென்ஸ்டாட் விவசாயி ரோரன்பாக், சுவிஸ் கரையில் உள்ள அரேனென்பெர்க்கிலிருந்து 400 நாற்றுகளை இரவோடு இரவாகப் படகில் கடத்திக்கொண்டு வந்தார். இப்போது இந்தக் கரையில் எங்கு பார்த்தாலும் அந்த இனம்.

கடலோடி: ஏரி முழுக்க உறைந்தது என்பது கதையா, நிஜமா?

நிஜம். கடைசியாக 1963-இல். ஊர்க்காரர்கள் அதைச் 'சேக்ஃப்ரோர்ன' என்பார்கள்.

ஏன் அத்தனை அரிது? தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். மேல்நீர் குளிர்ந்ததும் கனத்துக் கீழே இறங்கும், கீழிருக்கும் சூடான நீர் மேலே வரும். ஏரி மொத்தமும் 4 டிகிரிக்கு வரும்வரை இது ஓயாது. இங்கே அதிகபட்ச ஆழம் 251 மீட்டர். ஆக, பத்து நாள் கடுங்குளிரெல்லாம் இந்த ஏரிக்குப் போதாது. 1962-இல் நவம்பரிலேயே குளிர் பிடித்து, பிப்ரவரிவரை விடவில்லை. அதனால் உறைந்தது.

அப்படி உறையும்போது ஒரு வழக்கம் உண்டு. நற்செய்தியாளர் யோவானின் மார்பளவு மரச்சிலையை ஹாக்னாவுக்கும் எதிர்க்கரை மூன்ஸ்டர்லிங்கனுக்கும் இடையே, ஏறக்குறைய 8 கிலோமீட்டர், பனிமேல் ஊர்வலமாகத் தூக்கிப் போவார்கள். 1573-லேயே பதிவு இருக்கிறது. 1830-இல் ஹாக்னாவுக்கு வந்த சிலை 133 ஆண்டு இங்கேயே இருந்தது. 1963 பிப்ரவரி 12 அன்று பாதிரியார்களும் பாடகர்களும் ஊர் மக்களுமாக நடந்து, அதைச் சுவிஸ் கரையில் ஒப்படைத்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நிலா: ஏரி என்று தெரியாமல் கடந்த குதிரைவீரன், விஷயம் தெரிந்ததும் அதிர்ச்சியில் செத்தானாமே?

அது பிற்காலக் கவிதை கிளப்பிவிட்டது. 1573 ஜனவரி 5-இல் டிங்கெல்ஸ்டார்ஃபிலிருந்து யூபர்லிங்கனுக்குப் பனிமேல் போன அல்சாஸ் தபால் அதிகாரி நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தார்.

தென்றல்: ஊர்க் கோயிலே யோவான் கோயில்தானே? அவருக்கே சிலையா?

கோயில் திருமுழுக்கு யோவானுக்கு. சிலை நற்செய்தியாளர் யோவானுக்கு. இரண்டு பேர்!

நான்கு பேர்: அடுத்து எப்போது உறையும்?

நான்கு தடவை தனித்தனியாகப் பதில் எழுத முடியாது. குளிர்காலங்கள் சூடேறி வருகின்றன, நான் பார்ப்பேன் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

வரைபடம்: 8 கிலோமீட்டர் நடந்தவர்கள் பாஸ்போர்ட் வைத்திருந்தார்களா? ஏரி நடுவில்தானே எல்லை?

இந்தக் கேள்வியைத் தொட்டிருக்க வேண்டாம். நாற்றுக் கடத்தலோடு இதைச் சேர்த்துப் பத்துப் பேர் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். 'வரைபடத்தில் நடுவே கோடு இருக்கிறது' என்கிறார் வரைபடம். 'இல்லை, ஏரி மூன்று நாட்டுக்கும் பொது' என்கிறார் கடலோடி. 'ஜெர்மனி என்ன சொல்கிறது?' என்று வண்டிக்காரன்.

சரி, கேளுங்கள். மேற்கே நீளும் யூபர்லிங்கர் கிளை முழுக்க ஜெர்மனிக்கு. கான்ஸ்டன்ஸ் வளைகுடாவிலும் கீழ் ஏரியிலும் 19-ஆம் நூற்றாண்டிலேயே எல்லை வகுத்துவிட்டார்கள். ஆனால் ஹாக்னாவ் இருக்கும் மேல் ஏரியில் (ஏரியின் பெரிய பகுதி இதுதான்), மூன்று நாடும் கையெழுத்திட்ட எல்லை ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது. சுவிட்சர்லாந்து நடுக்கோடு என்கிறது. ஆஸ்திரியா, 25 மீட்டர் ஆழம்வரை கரை நாட்டுக்கு, அதைவிட ஆழமான பகுதி எல்லோருக்கும் பொது என்கிறது. ஜெர்மனி தெளிவாக எதுவும் சொல்வதில்லை. ஆகவே வரைபடம் சொல்வது சுவிஸ் கட்சி, கடலோடி சொல்வது ஆஸ்திரியக் கட்சி. வண்டிக்காரனுக்குப் பதில் வராது.

'அப்போது நடுவில் தப்பு நடந்தால் யார் பிடிப்பது?' என்று வரைபடம் விடாமல் கேட்கிறார். வேலை நடக்க வழி செய்துவைத்திருக்கிறார்கள். மீன்பிடிக்கு 1893 பிரெகென்ஸ் உடன்படிக்கை, கப்பல் போக்குவரத்துக்கு 1973 ஒப்பந்தம். எல்லையைப் பேசாமலே காரியத்தை முடித்துக்கொள்ளும் சாமர்த்தியம் இது. கோடு போட உட்கார்ந்திருந்தால் இன்னும் சண்டைதான் நடக்கும், இப்போது இங்கே நடப்பதுபோல. இதற்குமேல் இந்த விஷயத்தில் எழுதமாட்டேன்.

மழைத்துளி: கரையில் ஆரஞ்சு விளக்கு சுழல்வது எதற்கு?

எல்லோரும் இதைப் படியுங்கள். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரப்போகிறது. 90 முறை மின்னினால் புயல். உடனே கரையேற வேண்டும். வானம் நீலமாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஃபோன் காற்று நீல வானத்திலேயே வரும்.

நிலா: அங்கே போனால் ஃபெல்ஹன் மீன் சாப்பிடலாமா?

மெனுவில் இருந்தால் எந்த ஊர் மீன் என்று கேளுங்கள். மேல் ஏரியில் 2024-இலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அதைப் பிடிக்கத் தடை போட்டார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்தபின், பாசிக்கு உரமான பாஸ்பரஸ் குறைந்து, ஏரி தெளிந்துவிட்டது. மீனுக்கு இரை குறைந்தது. கூடவே முள்மீன் பெருகி முட்டையையும் குஞ்சையும் தின்கிறது, 2016-இல் தென்பட்ட குவாகா சிப்பி இருக்கும் கொஞ்ச இரையையும் வடிகட்டி எடுக்கிறது. மீனவர்கள் பாஸ்பரஸைக் கொஞ்சம் ஏரிக்குள் விடுங்கள் என்கிறார்கள். சுமார் 40 லட்சம் பேர் குடிக்கும் தண்ணீர் இது, விடமாட்டோம் என்கிறது குடிநீர் வாரியம்.

வரைபடம்: அந்த 25 மீட்டர் ஆழத்தை எங்கிருந்து அளக்கிறார்கள்?

வரைபடம் ஐயா, போதும்.