கோல்ஃபில் 3 வுட்டில் பந்து எழும்பவில்லை: ஷாஃப்டை மாற்றலாமா, கிளப்பையே மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. வாரம் ஒரு நாள் கோல்ஃப் ஆடுகிறேன். டிரைவரில் (முதல் அடிக்கான நீளமான கிளப்) 200 யார்டு சுமாராகக் கிடைக்கிறது. ஆனால் பார் 5இல் (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய நீளமான குழி) இரண்டாவது அடிக்கு 15 டிகிரி 3 வுட்டை (புல்லில் இருந்து தூரம் அடிக்கும் ஃபேர்வே வுட் வகைக் கிளப்) எடுத்தால் பந்து எழும்புவதே இல்லை, தரையோடு தரையாக ஓடுகிறது, அல்லது வலது பக்கம் விலகிப் போகிறது. இப்போது இருப்பது ஸ்டிஃப் ஷாஃப்ட் (குறைவாக வளையும் தண்டு). அதைவிட வளையும் ரெகுலருக்கு மாறினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். ஷாஃப்ட் விலையும் மாற்றும் கூலியும் சேர்த்தால் நல்ல பழைய ஃபேர்வே வுட் ஒன்றே வாங்கிவிடலாம் போல இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு ஷாஃப்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் தொந்தரவில் முக்கால்வாசி லாஃப்டால், அதாவது கிளப்பின் ஃபேஸ் (பந்தை அடிக்கும் முகப்பு) பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தால், வருவது. டிரைவரில் 200 யார்டு என்றால் உங்கள் ஸ்விங் வேகம் மணிக்கு 90 மைலை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். அந்த வேகத்தில் 15 டிகிரியை டீ (பந்தைத் தூக்கி வைக்கும் சிறு குச்சி) இல்லாமல், வெறும் புல்லில் இருந்து, உயரமாக அடித்து எழுப்புவது பெரும்பாலானவர்களுக்கு முடியாத காரியம். அதோடு 3 வுட் ஏறக்குறைய 43 அங்குல நீளம், டிரைவருக்கு அடுத்து பையில் நீளமான கிளப் பெரும்பாலும் அதுதான், பந்தோ டீ உதவி இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறது. கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், அப்படியானால் அதன் நடுப்பகுதி தரையில் இருந்து 21 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, கிளப் கொஞ்சம் மேலே வந்தாலும் பந்து ஃபேஸின் கீழ் ஓரத்தில் பட்டுவிடும். கீழே பட்டால் பந்தின் வேகமும் போய்விடும், கிளம்பும் உயரமும் போய்விடும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பாதப் பவுடர் ஸ்ப்ரேயை ஃபேஸில் லேசாக அடித்துவிட்டுப் புல்லில் இருந்து சில பந்துகள் அடியுங்கள், வெள்ளைப் பூச்சில் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். வட்டங்கள் எல்லாம் ஃபேஸின் அடி ஓரத்தில் கிடந்தால் உலகத்திலேயே விலை உயர்ந்த ஷாஃப்ட் போட்டாலும் பந்து எழும்பாது. அப்புறம் கிரிப்பை (கைப்பிடி) ஒரு அங்குலம் கீழே தள்ளிப் பிடித்து மறுபடி அடித்துப் பாருங்கள். வட்டம் நடுவுக்கு ஏறி வந்தால் நீளம்தான் உங்களை வாட்டியது என்று அர்த்தம், இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அடுத்து, யாரிடமாவது 18 அல்லது 19 டிகிரி 5 வுட்டும், கிடைத்தால் 21 டிகிரி 7 வுட்டும் கடன் வாங்கி அடியுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் ஆட்டமே மாறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 3 வுட்டை விட 5 வுட் தூரம் போகிறது என்று அவர்களே வியந்து போவார்கள். வியக்க ஒன்றும் இல்லை, பந்து காற்றில் அதிக நேரம் இருக்கிறது, நடு ஃபேஸில் அதிகம் படுகிறது. 7 வுட் எடுத்தால் கௌரவம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2020 நவம்பரில் மாஸ்டர்ஸ் போட்டியை 20 அண்டரில் (நிர்ணயித்த எண்ணிக்கையை விட 20 முறை குறைவாக அடித்து) வென்ற டஸ்டின் ஜான்சன் பையில் 7 வுட் இருந்தது. அவர் ஸ்விங் வேகத்துக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

சரி, ஷாஃப்ட் எப்போது முக்கியம்? ஃபிளெக்ஸ் (வளையும் தன்மை) எழுத்தைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள். பலருக்கும் ஒத்துவரும் வழி, டிரைவர் ஷாஃப்டை விட ஃபேர்வே வுட் ஷாஃப்ட் 5 முதல் 10 கிராம் வரை கனமாக இருப்பது. டிரைவரில் 55 கிராம் என்றால் ஃபேர்வேயில் 60 முதல் 65. டிரைவரை விட லேசான ஷாஃப்டைப் போட்டால் கை முந்திக்கொண்டு ஓடும், ஒரு அடி இடது, ஒரு அடி வலது என்று வரும். ஸ்டிஃப்பில் இருந்து ரெகுலருக்கு வந்தால் பந்து கொஞ்சம் மேலே கிளம்பலாம், வலது விலகலும் கொஞ்சம் குறையலாம், ஆனால் 15இல் இருந்து 18 டிகிரிக்குப் போவது கொடுக்கும் உயரத்தை அது கொடுக்காது. லாஃப்டை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு மேலும் வலது பக்கம் போனால் அப்போது ஷாஃப்டைப் பேசலாம்.

கேள்வி: பழைய பிங் ஜி400 ஃபேர்வே வுட் நல்ல விலைக்கு வருகிறது. 'ஸ்டிஃப்' என்று போட்டிருக்கிறது. என் ஜி410 டிரைவரில் இருக்கும் ஷாஃப்டைக் கழற்றி இதில் மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. ஜி410இல் பிங் நிறுவனம் ஸ்லீவையே (ஷாஃப்டைக் கிளப் தலையில் மாட்டும் இணைப்பு) மாற்றிவிட்டது, அது ஜி400 ஹெட்டில் பொருந்தாது. வேறு பிராண்டு ஸ்லீவ் பொருந்தாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஒரே பிராண்டுக்குள்ளும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்பதில்தான் பணத்தை இழக்கிறார்கள். அப்படியே பொருந்தினாலும் டிரைவர் ஷாஃப்ட் ஃபேர்வேக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளம். கிரிப் பக்கம் வெட்டிக் குறைக்கலாம், ஆனால் எடை அதே லேசான டிரைவர் எடைதான்.

'ஸ்டிஃப்' என்ற எழுத்தை நம்பி வாங்காதீர்கள். எத்தனை வளைந்தால் ஸ்டிஃப், எத்தனை வளைந்தால் ரெகுலர் என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட அளவு ஒன்றும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப்பை விட இறுக்கமாக இருக்கலாம். அதனால் விற்பவரிடம் ஷாஃப்டின் முழுப் பெயர், கிராம் எடை, நீளம், முன்பு வெட்டியதா, வெட்டியது கிரிப் பக்கமா நுனிப் பக்கமா என்று கேளுங்கள். நுனியில் வெட்டியிருந்தால் எழுதியிருப்பதை விட இறுக்கமாக இருக்கும். பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பிரபலமான ஷாஃப்டுகளில் போலியும் உண்டு, புதிய ஷாஃப்ட் கடை விலையில் பாதிக்கும் கீழே வந்தால் கிட்டப் போகாதீர்கள்.

கேள்வி: ஃபிட்டிங்குக்குப் (ஆளுக்கு ஏற்ற கிளப்பைச் சோதித்துத் தேர்வது) போகிறேன். அறைக்குள் பாயில் அடித்துப் பார்த்து ஃபேர்வே வுட் வாங்கலாமா?

பதில்: டிரைவருக்குப் பரவாயில்லை, ஃபேர்வே வுட்டுக்கு எனக்குத் திருப்தி இல்லை. பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையைத் தட்டினாலும் பாயில் கிளப் வழுக்கிப் போய் நல்ல அடியாகவே வந்துவிடும், திரையிலும் அழகான எண் காட்டும். அதே அடி புல்லில் மண்ணைக் கிளப்பி 100 யார்டில் நின்றுவிடும். புல்லில் அடிக்க விடும் இடமாகப் பார்த்துப் போங்கள். கிடைக்கவில்லை என்றால் பணம் கட்டும் முன் சோதனைக் கிளப்பை ஒரு ரவுண்டுக்கு வெளியே எடுத்துப் போகலாமா என்று கேளுங்கள், தருகிற கடைகள் இருக்கின்றன. திரையில் அதிகபட்ச தூரத்தைப் பார்க்காமல், சுமாரான அடி எவ்வளவு தூரம் காற்றில் போயிற்று, இடம் வலமாக எவ்வளவு சிதறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் நீங்கள் அதிகம் அடிக்கப் போவது அந்தச் சுமாரான அடியைத்தான்.