ஆண்டு விழா நடனம் இருக்கட்டும், பாட்டியை முதலில் கூப்பிடுங்கள்

கேள்வி: நீலகிரியில் கூடலூர் பக்கம் அங்கன்வாடி நடத்துகிறேன். பணியர் என்ற பழங்குடியின் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், வாயே திறப்பதில்லை. ஒரு வாரத்தில் நின்றும்விடுகிறார்கள். ஆண்டு விழாவில் ‘ஆதிவாசி நடனம்’ வைத்தால் இது நம்ம இடம் என்ற எண்ணம் வருமா? டிரஸ் வாடகைக்குத் தர ஒருவர் தயாராக இருக்கிறார்.

பதில்: வராது. டிரஸ்காரரை இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இவர்கள் கொண்டுவருவது பிளாஸ்டிக் இலைப் பாவாடை, இறகுத் தொப்பி, முகத்தில் பூசக் கறுப்பு மை. எந்தப் பணியர் வீட்டிலும் இது கிடையாது. சிலர் கறுப்பு, சிவப்பு நூலில் பூவேலை செய்த தோடர் போர்வையைப் போர்த்திவிடுவார்கள். தோடர்கள் ஊட்டிப் பக்கம் எருமை வளர்ப்பவர்கள். கூடலூர்ப் பணியர் பிள்ளைக்கும் அந்தப் போர்வைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேடையில் நிற்கும் குழந்தைக்குப் புரிவது, எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும்தான். படம் பிடிப்பவரும், ரிசார்ட்டில் ஆட ஆள் தேடும் தரகரும் அங்கேயே வந்து நிற்பார்கள். பிள்ளைகளை அவர்கள் கண்ணில் காட்டாதீர்கள்.

மௌனத்துக்கு முதல் காரணம் மொழி. வீட்டில் பேசுவது பணியர் மொழி. ‘ஒண்ணுக்கு வருது’ என்று தமிழில் சொல்லத் தெரியாமல் உடை நனைந்துவிடும், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், மறுநாள் அந்தக் குழந்தை வராது. அதனால் ஒரு தாயை உட்காரவைத்து தண்ணீர், பசி, வலி, ஒண்ணுக்கு, பயம், வா, உட்கார் என்று இருபது இருபத்தைந்து சொற்களைக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி, வருகைப் பதிவேட்டின் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் தப்பாக உச்சரித்தால் பிள்ளைகளே திருத்துவார்கள். பெரும்பாலும் அவர்கள் வாய் திறப்பது அப்போதுதான். காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் போன்ற வேறு பழங்குடிப் பிள்ளைகளும் இருந்தால் அவர்கள் மொழிக்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

அடுத்தது பாட்டி. கூலி வேலைக்குப் போகாத ஒரு மூதாட்டியை வாரம் இரண்டு நாள், அரைமணி நேரம் வரச் சொல்லுங்கள். நாற்காலி போட்டு விருந்தாளி ஆக்காதீர்கள். பாயில் உட்கார்ந்து தகரைக் கீரை ஆயட்டும், பிள்ளைகளும் கூடவே ஆயட்டும், பேச்சு தானாக வரும். வயல் நண்டு பிடித்த கதை வந்தால் உங்கள் உதவியாளர் முகம் சுளிக்கக் கூடாது; ஒரு ‘சீ’ போதும், ஒரு மாத உழைப்பு வீண். பணியர் அல்லாத பிள்ளைகளும் கூடவே உட்கார வேண்டும். ‘உங்க பாட்டு ஒண்ணு பாடு’ என்று ஒரு குழந்தையைத் தனியாக எழுப்பி நிறுத்தவே கூடாது.

பணியரின் பறையான துடியைக் கொட்டுவதில் மட்டும் நிதானம் வேண்டும். கல்யாணத்துக்கும் துடி உண்டு, சாமி காரியத்துக்கும் உண்டு, சாவுக்கும் உண்டு. எந்தத் தாளம் பிள்ளைகளுக்கு ஆகும் என்று ஊர் மூப்பனிடம் கேளுங்கள். ஒருவர் சரி என்று சொல்லி இன்னொருவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஒரு குழந்தை சாவுப் பாட்டைத் தானாக முணுமுணுத்தால் அதட்ட வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம், செல்போனில் பதியவும் வேண்டாம். அனுமதி கிடைத்த தாளத்தைப் பத்து நிமிடம் எல்லோரும் கைதட்டிப் பழகினால் போதும்.

இதற்கெல்லாம் மேலிடத்தில் நிதி கேட்டுக் காத்திருக்காதீர்கள். எடைக்கும் உயரத்துக்கும் கட்டம் போட்டுக் கேட்கும் நிர்வாகம், குழந்தை ஒரு வாரமாகப் பேசவில்லை என்பதை எங்கே எழுதச் சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டம் தாய்மொழிவழிக் கல்வியைச் சொல்கிறது, அதுவும் ‘இயன்றவரை’ என்ற சொல்லோடு, ஆறு வயதுக்கு மேல்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு நீங்கள்தான் கதி.

ஆண்டு விழாவன்று, பணியர் பெண்கள் வட்டமாக ஆடும் வட்டக்களியை மேடையில்லாமல், முற்றத்தில், அன்றாட உடுப்பில் தாய்மார்களோடு எல்லாப் பிள்ளைகளும் ஆடட்டும்.

வயநாட்டுக்கோ குடகுக்கோ பெற்றோரோடு வேலைக்குப் போன குழந்தையின் பெயரை அடிக்காதீர்கள். திரும்பி வரும்போது சாதிச் சான்றும் கேட்காதீர்கள். அங்கன்வாடியில் சேர அது தேவையில்லை. பின்னால் பள்ளிக்கு வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், பழங்குடிச் சான்று தருபவர் கோட்டாட்சியர். ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்கும் ஆளிடம் அந்தத் தாயைப் போகவிடாதீர்கள்.